இறுக்கமான கால்

பாப்பாவுக்கு வயது நாற்பத்து மூன்று. வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தப் பெயரைப் பறித்துக்கொள்ள வீட்டுக்குப் புதிதாக யாரும் வராததால் தலையில் நரை விழுந்த பிறகும் அவள் பாப்பாவாகவே இருந்தாள்.

அண்ணன் ஒரு கார் ஓட்டும் பள்ளி நடத்தினார். இரண்டு வண்டிகள், சாலையைப் பார்த்த ஒரு முன்னறை, பின்னால் ஒரு சின்ன உள்ளறையும் குளியலறையும், மாடியில் வீடு. வண்டிகளைப் பார்த்துக்கொள்வது அண்ணன். முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்து, யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று குறித்துவைப்பது அண்ணி. இருபது வருடங்களாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லித்தருவது பாப்பா. அவளிடம் படித்துவிட்டு ஊருக்குள் வண்டி ஓட்டுகிறவர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அவர்களில் பத்துப் பேருக்குக்கூட அவளுடைய இடது கால் செயற்கைக் கால் என்று தெரியாது.

பத்தொன்பது வயதில், தோழியின் இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது லாரிச் சக்கரம் ஏறியது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் அளவு தங்கியது. அதை அவள் ‘மிச்சம்’ என்பாள். “மிச்சம் இன்னைக்கு வலிக்குது” என்று எப்போதாவது சொல்வாள். ஆனால் யாருக்கும் காட்டியதில்லை. குளித்துவிட்டு வரும்போதே காலை மாட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பாள். மிச்சத்தின் மேல் போடுகிற பருத்தி உறைகளை அவளே துவைத்து, அவளுடைய அறை ஜன்னலுக்கு உட்புறம் காயப்போடுவாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அப்போது போட்டிருந்த கால் தளர்ந்துபோய், சாலையைக் கடக்கும்போது நட்ட நடுவில் திரும்பிக்கொண்டது. செருப்பு பின்பக்கம் பார்த்தது. அவளால் அடுத்த அடி வைக்க முடியவில்லை. சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விளக்கு பச்சைக்கு மாறியது. ஒரு பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து, இரண்டு கைகளையும் விரித்து வண்டிகளை நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அமைதியாகக் காத்திருந்தார்கள். சிரித்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பாள். அந்த அமைதியைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மறுநாளே கால் செய்கிறவரிடம் போனாள். மருத்துவமனையின் பின்பக்கத்துப் பட்டறையில் இருப்பவர். அவளுக்கு எல்லாக் கால்களையும் செய்து கொடுத்தவர்.

“இன்னொரு தடவை கழண்டுச்சுன்னா நான் வீட்டை விட்டே வெளிய வரமாட்டேன் சார். இறுக்கமா செஞ்சு குடுங்க.”

“ரொம்ப இறுக்கினா நல்லதில்லம்மா.”

“எனக்கு நல்லதெல்லாம் வேண்டாம். விழாம இருந்தாப் போதும்.”

அவர் செய்து கொடுத்தார். காலை உள்ளே விடுகிற கிண்ணம், அவர் பாஷையில் சாக்கெட், மேல் விளிம்பில் அவளைக் கவ்விப் பிடித்தது. காலையில் மாட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். மாட்டிவிட்டால் அப்புறம் அசைவே இல்லை. பாப்பாவுக்கு அந்தக் காலை அவ்வளவு பிடித்துப்போனது. படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைத் தொடுவதைக்கூட விட்டுவிட்டாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலைப்பொழுதில், மிச்சத்தின் நுனியில் கட்டைவிரல் அகலத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திட்டைப் பார்த்தாள். எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்போம் என்று நினைத்தாள். இடித்த காயம் நாலு நாளில் பச்சையாகி, மஞ்சளாகிப் போய்விடும். இது போகவில்லை. இரண்டு மாதத்தில் உள்ளங்கை அளவுக்குப் பரவியது. அதன் மேல் சின்னச் சின்ன மேடுகள் கிளம்பின, மிளகு அளவில், கரு ஊதா நிறத்தில். தொட்டால் மெத்தென்று இருந்தன.

அவளுக்கு உடனே கேன்சர் என்றுதான் தோன்றியது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதன் பின்னாலேயே வந்தது. டாக்டரிடம் போனால் இன்னும் மேலே வெட்ட வேண்டும் என்பார்கள். மேலே என்றால் முழங்கால். அந்த முழங்காலை வைத்துத்தான் அவள் கிளட்சை மிதித்தாள். ரப்பர் பாதத்துக்கு எதுவும் தெரியாது. கிளட்ச் பிடிக்கிற இடத்தில் வண்டிக்குள் ஓடும் அந்த மெல்லிய நடுக்கம் முழங்காலுக்குத்தான் வரும். முழங்கால் போனால் வண்டி போயிற்று. வண்டி போனால் அவள் யார்? முன்னறையில் அண்ணிக்கு எதிரே இன்னொரு மேஜை போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வேண்டவே வேண்டாம்.

அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மேடுகள் உரசி வலித்தபோது ஒரு உறைக்கு இரண்டு உறையாகப் போட்டுக்கொண்டாள். கால் இன்னும் இறுகியது. இறுகட்டும், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். இப்படியே நாலு மாதம் ஓடியது.

ஒரு வியாழக்கிழமை உறைகளைச் சின்ன வாளியில் ஊறப்போட்டுவிட்டு, வாசலில் வண்டிச் சாவி கேட்ட அண்ணனுக்குப் பதில் சொல்லப் போனாள். முன்னறையைத் துடைக்க அண்ணிக்கு அந்த வாளி வேண்டியிருந்தது. பாப்பா திரும்பி வந்தபோது அண்ணி குளியலறை வாசலில் ஒரு உறையை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நுனியில் கறுத்த கறை.

“பாப்பா, என்ன இது?”

“துரு.”

“துருவா? நான் என்ன இன்னைக்குத்தான் மொத மொதல்ல துணி துவைக்கிறேனா? இது ரத்தம்.”

“உரசிருக்கும் அண்ணி. சரியாயிடும். வாளியைக் குடுங்க.”

அண்ணி வாளியைக் கொடுக்கவில்லை. பாப்பாவை உள்ளே வரச் சொல்லி, குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இரண்டு பேர் நிற்கவே இடமில்லாத அறை அது. அண்ணி தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள்.

“காட்டு.”

“சும்மா இருங்க அண்ணி. கிளாஸுக்கு ஆள் வந்துரும்.”

“வந்தா நிக்கட்டும். நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஒரு நாளாவது அந்தக் காலைக் காட்டுன்னு கேட்டிருக்கேனா? கேக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். இன்னைக்குக் கேக்கறேன். காட்டு.”

இருவரும் சாதாரணமாகச் சண்டை போடுகிறவர்கள். மின்விசிறி வேகத்துக்குச் சண்டை, வகுப்பு நேரத்துக்குச் சண்டை, டீயில் சர்க்கரைக்குச் சண்டை. அந்தச் சண்டைகளில் அண்ணியின் குரல் மேலே போகும். இன்று கீழே இருந்தது. பாப்பா ஸ்டூலில் உட்கார்ந்து காலைக் கழற்றினாள்.

அண்ணி பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. விரலை நீட்டி, தொடாமலே ஒவ்வொரு மேடாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“எத்தனை நாளா?”

“ஆறு மாசம் இருக்கும்.”

“ஆறு மாசம்! ஏன்டி, வாயில என்ன வெச்சிருந்தே?”

“வெட்டிருவாங்க அண்ணி.”

“எதை?”

பாப்பா முழங்காலின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். அண்ணி அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, “மாமனார் மாமியார் இருந்திருந்தா உனக்கு ரெண்டு விழுந்திருக்கும். எனக்கு அந்த உரிமை இல்லாமப் போச்சு. நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம்” என்றாள்.

தோல் டாக்டர் ஒரு பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, அது எங்கே என்று மேஜையெல்லாம் தேடுகிறவர். மேடுகளை விரலால் அழுத்தினார். ஊதா நிறம் வெளுத்து, விரலை எடுத்ததும் மெல்லத் திரும்பியது. தொடை இடுக்கில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அப்புறம், பாப்பா கொஞ்சமும் எதிர்பார்க்காதபடி, செயற்கைக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“இதை எவ்வளவு நேரம் போட்டிருப்பீங்க?”

“எந்திரிச்சதும் போடுவேன். படுக்கும்போது கழட்டுவேன்.”

“நடுவுல?”

“நடுவுல எதுக்கு?”

டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். “இது ரெண்டுல ஒண்ணா இருக்கலாம். ஒண்ணு கெட்டது. ரத்தக் குழாயில வர்ற ஒரு வகை கேன்சர். இன்னொண்ணு பாக்கறதுக்கு அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், ஆனா கேன்சர் இல்ல. ரெண்டும் கூடப் பிறந்த அக்கா தங்கச்சி மாதிரி. வெளியில பாத்து நான் ஒண்ணு சொல்லி, அது தப்பாப் போயிரக் கூடாது. சின்னதா ஒரு துண்டு எடுத்து அனுப்பறேன். ரத்தமும் எடுப்பாங்க. பத்து நாள் ஆகும்.”

“முட்டியை எடுக்க வேண்டியிருக்குமா டாக்டர்?”

“முட்டியா? முட்டி நல்லா இருக்கே. முட்டியை எடுக்கணும்னு யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல.”

“அப்ப நீங்களே மனசுக்குள்ள ஆபரேஷன் பண்ணி முடிச்சிட்டீங்களா?” என்றார் டாக்டர். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆறு மாதமாகக் கட்டிவைத்த பயத்தை இப்படிக் கேட்டதும் பாப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் டாக்டர் அடுத்துச் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு நின்றது. “முடிவு வர்ற வரைக்கும் இந்தக் காலைத் தொடக் கூடாது. ஊன்றுகோல் வெச்சுக்கங்க.”

மரத்துப்போக ஊசி போட்டு, மிளகு அளவு சதையை எடுத்து, ஒரு தையல் போட்டார்கள். எலாஸ்டிக் துணிப்பட்டையை எப்படிச் சுற்றுவது என்று நர்ஸ் அண்ணிக்குக் காட்டிக்கொடுத்தார். எட்டு போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாக. நுனியில் அழுத்தமாக, மேலே போகப் போகத் தளர்வாக. வீட்டுக்கு வந்ததும் அண்ணி அதைக் காலையிலும் மாலையிலும் செய்தாள். முதல் நாள் கோணல்மாணலாக வந்தது. அவிழ்த்து மறுபடி சுற்றினாள். மறுபடி அவிழ்த்தாள்.

“நீங்க என்ன ஸ்வெட்டர் பின்றீங்களா அண்ணி?”

“வாயை மூடு. எட்டு எங்க ஆரம்பிச்சுதுன்னு மறந்துட்டேன்.”

இருபத்து நாலு வருடங்களில் மருத்துவமனைக்காரர்கள் தவிர வேறு யாருடைய கையும் அந்த இடத்தில் பட்டதில்லை. அண்ணியின் கை சில்லென்று இருந்தது. வெங்காயம் நறுக்கிய வாசனை அடித்தது. பாப்பா முதல் இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள், “இன்னும் கொஞ்சம் அழுத்தமா சுத்தலாம்” என்று குனிந்து பார்த்துச் சொன்னாள்.

வகுப்புகளை அண்ணன் எடுத்துக்கொண்டார். ஆனால் அவரிடம் பொறுமை கிடையாது. அண்ணிக்கே அவர் சொல்லித்தரப் போய், மூன்றாம் நாளே அவள் வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். கார் ஓட்டும் பள்ளியில் உட்கார்ந்திருக்கிற அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரியாமல்போனது அப்படித்தான். இப்போதும் மூன்றாம் நாள் மாலை ஒரு பெரியவர் முன்னறைக்கு வந்து, “மேடம் எப்ப வருவாங்க? நான் அவங்ககிட்டயே கத்துக்கறேன்” என்று பவ்யமாகக் கேட்டார்.

அவர் பேக்கரிக்காரர். ஐம்பத்தெட்டு வயது. சாலைத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். அவர் வீட்டில் மனைவிதான் வண்டி ஓட்டுவார். “முப்பது வருஷமா பக்கத்துல உக்காந்து பிரேக்கை மிதிச்சிட்டிருக்கேன் மேடம், பிரேக்கே இல்லாத பக்கம்” என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நாலாவது தேர்வுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

உள்ளறையில் இருந்த பாப்பாவுக்கு அவர் குரல் கேட்டது. ஊன்றுகோல்களைப் பார்த்தாள். வண்டியில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. பிரேக் போடுவது வலது கால், அது அவள் சொந்தக் கால். ஆபத்துக்கு அது போதும். கஷ்டம் வண்டிக்குள் இல்லை. முன்னறையிலிருந்து வண்டி வரைக்கும் பன்னிரண்டு அடி தூரம், ஒரு கால்சட்டைக் குழாய் காலியாக ஆட, பேக்கரிக்காரர் பார்த்துக்கொண்டிருக்க நடக்க வேண்டுமே, அதுதான் கஷ்டம்.

ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் காலியாக இருந்த குழாயை மடித்து ஊக்கு குத்திக்கொண்டு, ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பேக்கரிக்காரர் கால் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். “ஐயையோ, எப்ப ஆச்சு மேடம்?” என்று பதறினார்.

“இருபத்து நாலு வருஷம் ஆச்சு. வண்டியை எடுங்க.”

அவர் வாயைத் திறந்தபடியே போய் வண்டியில் ஏறினார்.

வண்டி கிளம்பவில்லை. அதாவது, கிளம்பி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி துள்ளி நின்றது. தெரு முனைக்குப் போவதற்குள் ஏழு முறை நின்றது. பின்னால் வந்த ஒருவர் ஹாரன் அடித்தார். பேக்கரிக்காரரின் கழுத்தில் வியர்வை வழிந்தது.

“வண்டியில ஏதோ கோளாறு மேடம். இத்தனை நாள் நல்லாத்தானே போச்சு?”

பாப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அவர் கிளட்சைப் படாரென்று விடும்போதெல்லாம் அவளுடைய இடது கால் அவள் பக்கத்துக் கிளட்சை மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தது. திட்டமிட்டுச் செய்ததில்லை. வண்டி துள்ளினால் மிச்சத்தில் வலிக்கும் என்று எப்போதோ ஆரம்பித்தது, பழகிவிட்டது. அவர் மட்டுமா? எத்தனையோ பேருக்கு இப்படித்தான் ஓட்டியிருப்பாள். தேர்வுக்குப் போனால் அங்கே பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. மூன்று முறை ஏன் தோற்றார் என்று அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்ததற்கு விடை அவள் காலடியிலேயே இருந்திருக்கிறது.

“வண்டியில கோளாறு இல்ல. இத்தனை நாள் நீங்க ஓட்டவே இல்ல, நான்தான் ஓட்டிட்டிருந்தேன். தப்பு என்மேலதான். ஓரமா நிறுத்துங்க.”

நிறுத்தினார். தானாகவே நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

“இப்ப கேளுங்க. எனக்குப் பாதமே கிடையாது. அதனால கிளட்சைப் பாதத்தால தெரிஞ்சுக்கற வேலையே என்கிட்ட இல்ல. முட்டியை வெச்சுத்தான் தெரிஞ்சுக்குவேன். மெதுவா விடுங்க... இன்னும்... வண்டி லேசா மூக்கைத் தூக்குதா? முட்டியில ஒரு நடுக்கம் வருதா?”

“இல்லையே.”

“இன்னும் விடுங்க. அவசரமில்ல. யாரும் உங்களை விரட்டல.”

கொஞ்ச நேரம் கழித்து, “வருது” என்றார் அவர், காதில் ரகசியம் சொல்வது போல.

“அங்கேயே நில்லுங்க. மூச்சு விடுங்க. இப்ப கொஞ்சம் ஆக்ஸிலேட்டர்.”

வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல நகர்ந்தது. பேக்கரிக்காரர் தெருவைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். “ரோட்டைப் பாருங்க” என்று அவள் கத்தினாள். அவர் சாலையைப் பார்த்தபடி, “மாவு பதம் வந்தா எனக்கும் விரலுக்குத் தெரியாது மேடம், தோள்பட்டைக்குத்தான் தெரியும். இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார். “அடுத்த தெருவுல திரும்புங்க” என்றாள் அவள். எட்டு நாள் கழித்து அவர் தேர்வில் தேறினார். முன்னறைக்கு ஒரு பெட்டி நிறைய பன் வந்தது.

ஆனால் அதற்கு முன்பே டாக்டரிடமிருந்து ஃபோன் வந்துவிட்டது. மூன்று பேரும் போனார்கள். அண்ணன் வெளியிலேயே வண்டியில் இருந்துகொண்டார். “பார்க்கிங் சரியில்ல, நான் இங்கயே இருக்கேன்” என்றார். பார்க்கிங் நன்றாகத்தான் இருந்தது.

டாக்டர் இந்த முறை கண்ணாடியைத் தேடவில்லை. அது மூக்கிலேயே இருந்தது. “கேன்சர் இல்ல” என்று அவர்கள் உட்காருவதற்குள்ளேயே சொல்லிவிட்டார். “ரத்தப் பரிசோதனையும் சுத்தமா இருக்கு. உக்காருங்க, இப்ப சொல்றேன்.”

அவர் மேஜை மேலிருந்த காகிதக் கோப்பையைக் கையில் எடுத்து, மேல் விளிம்பை விரல்களால் இறுக்கிக் காட்டினார். “உங்க சாக்கெட் மேல இப்படி இறுக்குது. கீழே நுனியில வெறும் காத்து, இடைவெளி. இதயம் தள்ளி விடறதால ரத்தம் கீழே இறங்கிருது. திரும்பி மேல ஏறத்தான் வழியில்ல. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அந்தக் காலி இடம் சதையை உறிஞ்சி வேற இழுக்குது. ரத்தம் அங்கேயே தேங்கித் தேங்கி, தாங்க முடியாம அந்த இடத்துல புதுசு புதுசா குட்டி ரத்தக் குழாயா முளைச்சிருக்கு. அதான் இந்த மேடு, இந்த நிறம் எல்லாம்.”

“முளைச்சிருக்கா?” என்றாள் அண்ணி.

“ஆமா. தண்ணி தேங்கற இடத்துல புல்லு முளைக்கற மாதிரி. தண்ணி வடிஞ்சா அதுவும் அடங்கும். கறை மட்டும் கொஞ்ச நாள் இருக்கும். ஒருவேளை போகாமலே இருந்தாலும் கெடுதல் இல்ல. ஆனா பழைய சாக்கெட்டை இனி போடக் கூடாது. அப்படியே போட்டீங்கன்னா புண்ணாகும், அப்ப நிஜமாவே சிக்கல்.”

பாப்பா தலையாட்டினாள். கேட்கவேண்டும் என்று மனதில் எழுதிவைத்திருந்த கேள்விகள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அண்ணிதான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்: பட்டை எத்தனை வாரம், சோப்பு போடலாமா, மறுபடி எப்போது வர வேண்டும். வெளியே வந்தபோது அண்ணன் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணி தூரத்திலிருந்தே கையை அசைத்து, “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றாள். அவர் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே பளபளத்த கண்ணாடியை இன்னும் ரொம்ப நேரம் துடைத்தார்.

ஐந்து வாரம் பட்டை சுற்றி, வீக்கம் வடிந்த பிறகு கால் செய்கிறவரிடம் போனார்கள். பட்டறையில் அதே பிளாஸ்டர் தூசி, அதே பசை நாற்றம். சுவரோரம் அச்சுக் கால்கள் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றன. அண்ணி அந்த இடத்துக்கு வருவது அதுதான் முதல் முறை. எதன் மேலும் இடித்துவிடாமல் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரின் கடிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். மேஜை இழுப்பறையிலிருந்து கொஞ்சம் களிமண்ணை எடுத்து, சின்ன உருண்டையாக உருட்டிப் பழைய காலின் சாக்கெட் அடியில் வைத்தார்.

“ஒரே ஒரு நிமிஷம் மாட்டி, எந்திரிச்சு நின்னு கழட்டிக் குடுங்கம்மா.”

மாட்டி, நின்று, கழற்றிக் கொடுத்தாள். அவர் சாக்கெட்டைக் கவிழ்த்தார். உருண்டை அவர் கையில் வந்து விழுந்தது. எப்படி உருட்டினாரோ அப்படியே உருண்டையாக இருந்தது. ஒரு பக்கம்கூட நசுங்கவில்லை.

“உங்க கால் அடியைத் தொடவே இல்ல. மேலேயே மாட்டிக்கிட்டு தொங்கிருக்கு.” அவர் உருண்டையை விரல்களுக்கிடையில் நசுக்கினார். “இதை நான் அன்னைக்கே சரியாப் பாத்திருக்கணும். அப்ப கொஞ்சம் நசுங்குச்சு, போதும்னு விட்டுட்டேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கணும். அதுவும் சொல்லல. முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன்.”

“நீங்க வேண்டாம்னுதான் சொன்னீங்க. நான்தான் அடம்பிடிச்சேன்.”

“அடம்பிடிச்சா? நீங்க கேக்கறதை எல்லாம் செய்யறதுக்கு நான் என்ன ஜூஸ் கடையா வெச்சிருக்கேன்? எனக்குத்தானே தெரியணும்?”

“சரி, ரெண்டு பேர் மேலயும் தப்பு” என்றாள் அண்ணி நடுவில். “பாதிப் பாதி எடுத்துக்கங்க. இப்ப அடுத்த காலைப் பாப்போம்.”

அவர் சிரித்துவிட்டார். ஈரத் துணியில் பிளாஸ்டர் குழைத்து, மிச்சத்தைச் சுற்றி அச்சு எடுத்தார். இந்த முறை நுனியில் உள்ளங்கையை வைத்து, பிளாஸ்டர் இறுகும் வரைக்கும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் புதுக் கால் வந்தது. பாப்பா மாட்டி நின்றாள். குனிந்து காலைப் பார்த்தாள்.

“சார், இது லூஸா இருக்கு. கழண்டுரும்.”

“லூஸ் இல்ல. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தொடுது, அதான் உங்களுக்கு அப்படித் தெரியுது. விழாமப் பிடிக்கறது சாக்கெட் இல்ல, இந்த ரப்பர் உறை.” முழங்காலுக்கு மேலே தொடை வரைக்கும் ஏறியிருந்த உறையைத் தட்டிக் காட்டினார். “காலைத் தூக்கி உதறுங்க.”

“விழுந்துட்டா?”

“விழுந்தா நான் எடுத்துக் குடுக்கறேன். இங்க யாரு இருக்கா?”

அவள் நடைபழக வைத்திருந்த இரண்டு இணைகம்பிகளையும் பிடித்துக்கொண்டு உதறினாள். விழவில்லை. இன்னும் பலமாக உதறினாள். செருப்புதான் கழன்று பறந்து, வரிசையாக நின்ற அச்சுக் கால்களில் ஒன்றின் மேல் விழுந்தது. அண்ணி போய் எடுத்து வந்தாள்.

ஆனாலும் அந்தக் காலை நம்புவதற்கு அவளுக்கு ரொம்ப நாள் பிடித்தது. மாடிப்படியில் மறுபடி கைப்பிடியைப் பிடித்தாள். தெருவில் அடி வைக்கும்போதெல்லாம் கீழே பார்த்தாள். பழைய காலை எடுத்து மாட்டிக்கொள்ளலாமா என்று இரண்டு முறை நினைத்தாள். ஒரு முறை கையிலேயே எடுத்துவிட்டாள். அதற்குள் அண்ணி அதைத் தொடையோடு கட்டுகிற பெல்ட்டை வெட்டி வைத்திருந்தாள். அதற்காக ஒரு பெரிய சண்டை நடந்தது. வாசலுக்கு வந்த தபால்காரர் கடிதத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் மாதம் மேடுகள் எல்லாம் வற்றிவிட்டன. ஊதா நிறம் பழுப்பாகியது, டீக் கறை போல. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, “சமர்த்து” என்று காலைப் பார்த்துச் சொன்னார். ஆனால் ஒரு கட்டளையும் போட்டார். தினமும் மதியம் ஒரு மணி நேரம் காலைக் கழற்றிவிட்டு, மிச்சத்தை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் பாப்பா அந்த நேரத்தில் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே வண்டிக்குள்ளேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிடுவாள். இப்போது அண்ணி ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை யாருக்கும் வகுப்பு எழுதுவதில்லை. மாடி ஏறி இறங்குவது வேண்டாத வேலை என்பதால் பாப்பா முன்னறையிலேயே உட்காருவாள். ஒரு நாற்காலியில் அவள், எதிர் நாற்காலியில் மிச்சம், சுவரோரம் செருப்பு மாட்டிய கால். அண்ணி மேஜையில் இரண்டு பேருக்கும் சாப்பாடு வைப்பாள். மின்விசிறி வேகத்துக்குச் சண்டை நடக்கும்.

முதல் வாரத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே பாப்பா ஒரு துண்டை எடுத்து மேலே போட்டுக்கொள்வாள். நாளாக ஆக, துண்டு எங்கே என்று தேடுவதற்குள் ஆள் உள்ளே வந்துவிடும். அப்புறம் துண்டு கைதுடைக்கப் போய்விட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நேரத்தில் ஒரு பெண் உள்ளே வந்தாள். பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்கிறவள்; கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. சுவரோரம் நின்ற காலைப் பார்த்தாள், நாற்காலியில் நீட்டியிருந்ததைப் பார்த்தாள்.

“இங்க யாருங்க சொல்லித்தருவாங்க?”

“நான்தான்” என்றாள் பாப்பா, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு.

“கியர் வண்டியா?”

“கியர் வண்டிதான்.”

அந்தப் பெண் தயங்கினாள். “எனக்கு இடது எது வலது எதுன்னே சட்டுனு வராது. சின்ன வயசுலேர்ந்து அப்படி. பரவாயில்லையா?”

“உக்காருங்க” என்றாள் அண்ணி, சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு நோட்டை இழுத்துக்கொண்டே. “நாளைக்கே ஆரம்பிக்கலாம். ஒரு மணிக்கு மட்டும் கேக்காதீங்க.”

பாப்பா கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மிச்சத்தை நாற்காலியிலிருந்து இறக்காமலே, இரண்டு கைகளையும் காற்றில் தூக்கி, ஸ்டீயரிங்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டத் தொடங்கினாள்.